ஃபுளூரினைப் பிடித்தவர்

கனிம வேதியியல் புத்தகத்தில் ஹாலஜன் பாடம் தொடங்கும் இடத்தில் ஒரு பெயர் வரும். நாமெல்லாம் அதை மாய்சன் என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது முவாசான். தேர்வுக்கு வேண்டியது 1886 என்ற ஆண்டு மட்டும்தான், ரெண்டு மார்க். அந்த ரெண்டு மார்க்குக்குப் பின்னால் நிற்கிற மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹென்றி முவாசான் 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தந்தைக்கு ரயில்வே கம்பெனியில் சிறிய உத்தியோகம். தாய் தையல் வேலை செய்தவர். (என் அம்மாவும் தையல் மிஷின் மிதிப்பவர்தான். அதனாலேயே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படித்தேன்.) 1864-இல் குடும்பம் மோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் சேர்ந்தார். 1870-இல் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது கையில் பல்கலைக்கழகத்தில் சேருவதற்கான சான்றிதழ் கிடையாது. அந்த நாட்டில் பக்கலோரியா என்று ஒரு தேர்வு. அதில் தேறாவிட்டால் பல்கலைக்கழக வாசற்படியை மிதிக்க முடியாது.

கடிகாரம் செய்பவரிடம் கொஞ்ச நாள் வேலை பழகினார். பிரஷ்யாவோடு போர் மூண்டது, படையில் இருந்தார். அப்புறம் பாரிஸில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சி ஆள். ஆர்சனிக் விஷம் உட்கொண்ட ஒருவரை அங்கே அவர் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். பிறகு ஃபிரெமி என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நுழைய இடம் கிடைத்தது. வேதியியல் கைக்கு வந்துவிட்டது, சான்றிதழ்தான் வரவில்லை. விட்டாரா மனுஷன்? தேர்வு எழுதினார், முதல் தடவை தேறவில்லை. மறுபடி எழுதி 1874-இல் தேறினார். 1880-இல் டாக்டர் பட்டம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு துண்டுக் காகிதம் ஒரு வீட்டில் எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும். முதல் தடவை தேறாத அன்று அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இனி ஃபுளூரினுக்கு வருவோம். இப்படி ஒரு தனிமம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைத் தனியாகப் பார்த்ததில்லை. சேர்மத்திலிருந்து விடுபட்ட உடனே பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவையை ஹைட்ரஜன் ஃபுளூரைடு அரித்துவிடும். அந்த அமிலம் தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போகும். இங்கிலாந்தின் டேவி முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் படுத்த படுக்கையானார்கள். பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்கிளே இருவரும் உயிரையே கொடுத்தார்கள். முவாசானின் ஆசிரியர் ஃபிரெமியும் முயன்று பார்த்துக் கைவிட்டவர்தான். குருவுக்கு எட்டாத பழத்துக்குச் சிஷ்யன் கை நீட்டினார்.

முதலில் பாஸ்பரஸ் ஃபுளூரைடை எடுத்துப் பார்த்தார். அடுத்து ஆர்சனிக் ஃபுளூரைடு. அந்த விஷம் தாக்கி வேலையை நிறுத்திப் படுக்க வேண்டியதாயிற்று. இப்படிப் பல தடவை. கடைசியில் நீரில்லாத ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கே திரும்பினார். அது சுத்தமாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் பொட்டாசியம் ஃபுளூரைடு உப்பைக் கரைத்தால் கடத்தும். இதுதான் சூட்சுமம்! வளைந்த பிளாட்டினக் குழாய், பிளாட்டினம் இரிடியம் கலந்த மின்முனைகள், குழாயின் வாய்க்கு ஃபுளூர்ஸ்பார் கல்லில் கடைந்த மூடிகள். ஏற்கெனவே ஃபுளூரின் நிரம்பிய கல்லை அது மேற்கொண்டு என்ன செய்துவிடும்? எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகக் குளிரவைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். 1886 ஜூன் 26. நேர்மின்முனைப் பக்கம் வந்த வாயுவில் சிலிகானைக் காட்டியதும் அது தானாகவே பற்றி எரிந்தது.

அகாடமி ஒரு குழுவை அனுப்பியது. பெர்த்தலோ, தெப்ரே, கூடவே அவருடைய ஆசிரியர் ஃபிரெமி. பெரியவர்கள் வருகிறார்களே என்று அமிலத்தை மிகவும் கவனமாகச் சுத்தம் செய்து வைத்திருந்தார். அன்று பார்த்து ஒன்றுமே வரவில்லை! காரணம் அந்தச் சுத்தம்தான். உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை. பிறகு பொட்டாசியம் ஃபுளூரைடைச் சேர்த்தார், வாயு வந்தது. எக்ஸ்டர்னல் வரும் நாளில்தான் பிராக்டிகலில் ரீடிங் காட்டாது என்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னபோது, இத்தனை வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்றுதான் முதலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1882-இல் மோ ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகள் லியோனியை முவாசான் மணந்தார். அந்த மாமனார் பண உதவி செய்து, மருமகனை ஆராய்ச்சியில் உட்காரவிட்டார். வரலாற்றில் மாமனாருக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு புகழுக்குக் குறைவில்லை. பேராசிரியர் பதவி, அகாடமி உறுப்பினர், மூவாயிரம் டிகிரிக்கு மேல் போகும் மின் உலை, அதில் வரிசையாகக் கார்பைடுகள். 1893-இல் செயற்கை வைரம் செய்துவிட்டதாகவும் அறிவித்தார். பின்னால் மற்றவர்கள் முயன்றபோது அது கைகூடவில்லை, அவர் செய்தது வைரமல்ல என்பதே இன்று பலருடைய கருத்து. எனக்கு அதில் வருத்தமில்லை. ஃபுளூரின் ஒன்றே போதும்.

அந்த ஃபுளூரினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தனிமத்தோடும் மோதவிட்டுப் பார்த்தார். கந்தகத்தோடு சேர்த்து, லெபோ என்பவருடன் கந்தக ஹெக்சாஃபுளூரைடைத் தயாரித்தார். ஆனால் நம்மைச் சுற்றிக் காற்றில் ஐந்தில் நாலு பங்காக இருக்கும் நைட்ரஜன் மட்டும் மசியவில்லை. தங்கத்தையே தின்கிற ஃபுளூரின், நைட்ரஜன் வாயுவோடு நேராகச் சேருவதில்லை. நைட்ரஜனின் ரெண்டு அணுக்களுக்கு இடையே மூன்று பிணைப்புகள், அதைப் பிரித்தால்தானே உள்ளே நுழைய?

1906-இல் நோபல் பரிசு. பரிசுக் குழு பரிந்துரைத்தது மெண்டலீஃபை, அகாடமி தேர்ந்தெடுத்தது முவாசானை. தனிம அட்டவணையில் காலி இடங்களை விட்டு, இங்கே ஒருவன் வருவான் என்று சொன்ன மெண்டலீஃபுக்குப் பரிசு கிடைக்காமலே போனது அநியாயம் என்பதை முவாசான் பக்தனான நானும் ஒப்புக்கொள்கிறேன். மெண்டலீஃப் 1907 பிப்ரவரி 2-இல் இறந்தார். பதினெட்டே நாளில், பிப்ரவரி 20-இல், குடல்வால் அழற்சியால் முவாசானும் போய்விட்டார். வயது 54. ஒரே மகன் லூயி 1914-இல் போரில் மாண்டான்.

அவர் விட்டுப்போன இடம் நிரம்பியது 1928-இல். ஜெர்மனியில் ஓட்டோ ரஃப்பும் கூட்டாளிகளும் நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடைத் தயாரித்தார்கள். எப்படித் தெரியுமா? கிட்டத்தட்ட முவாசானின் வழிதான்! பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம். அம்மோனியம் ஹைட்ரஜன் ஃபுளூரைடை உருக்கி மின்சாரம் செலுத்தினார்கள். இன்று கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலைகளில் கலங்களைச் சுத்தம் செய்வது இந்த வாயுதான். கார்பன் டை ஆக்சைடைப் போலப் பல ஆயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பதால், 2012-இல் கியோட்டோ ஒப்பந்தப் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள்.

இன்னொன்று மட்டும் நிரம்பவில்லை. பாஸ்பரஸ் பென்டாஃபுளூரைடு இருக்கிறது. அதே தொகுதியில் மேலே இருக்கும் நைட்ரஜனுக்கும் ஐந்து ஃபுளூரினை மாட்டி நோட்டில் எழுத ஒரு நொடி போதும். ஆனால் நைட்ரஜன் அணு சின்னது, ஐந்து பேருக்கு இடம் கொடுக்க அதால் முடியாது. நாலு ஃபுளூரின் கொண்ட நேர்மின் அயனியை 1966-லேயே செய்துவிட்டார்கள், அதன் உப்புகள் உண்டு. அதனோடு ஃபுளூரைடு அயனியைச் சேர்த்தால் ஐந்து வந்துவிடாதா? 1992-இல் கிறிஸ்டியும் வில்சனும் செய்து பார்த்தார்கள். கிடைத்தது பழைய ட்ரைஃபுளூரைடும், கூடவே முவாசான் பிடித்த அதே ஃபுளூரின் வாயுவும். லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் நாலு ஃபுளூரின் அயனியும் ஃபுளூரைடும் ஒரே படிகத்தில் சேர்ந்து இருக்கலாம் என்று 2016-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.