68 வயதுக்காரரும் 47 வயது வண்டியும்

ஞாயிறு விடியற்காலையில் நம் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து நான்கைந்து புல்லட்டுகள் கிளம்பும் சத்தம் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதைப் பற்றிக் கமிட்டிக்குப் போன புகாரும், வண்டிக்கார நண்பர்கள் கொடுத்த பதிலும் போன இதழிலேயே வந்துவிட்டன. நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இந்த முறை பர்ட் மன்றோவைப் பற்றி எழுதுகிறேன்.

மன்றோ நியூசிலாந்துக்காரர். உலக வரைபடத்தில் அந்த நாட்டின் தென்கோடியைப் பாருங்கள். அங்கே இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அதற்கப்பால் கொஞ்சம் கடல், பிறகு அண்டார்க்டிகா, அவ்வளவுதான். அந்த ஊரில் 1899 மார்ச் 25-ல் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றாகப் பிறந்தார். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. அப்பா விவசாயி. பண்ணையில் இருந்த குதிரைகளில் எது வேகமாக ஓடுமோ அதைத்தான் பையன் எடுப்பான், அப்பா திட்டுவார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அப்போதே அச்சாரம் போட்டாகிவிட்டது.

1920-ல், 21 வயதில், ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். கம்பெனியின் பெயர் இண்டியன், மாடல் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரானது. அந்த நாட்டின் பூர்வகுடிகளை மனத்தில் வைத்து இட்ட பெயர் அது. 600 சிசி, வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினால் அதிகபட்சம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். இன்று நம் வாட்ச்மேன் வைத்திருக்கும் 100 சிசி வண்டி அந்த வேகத்தை முக்காமல் முனகாமல் எட்டிவிடும்.

அந்த வண்டியை அவர் விற்கவில்லை, மாற்றவும் இல்லை. கடைசி வரைக்கும், 57 ஆண்டுகள், அதே வண்டிதான். 1926 வாக்கில் அதைப் பிரித்து மேய ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும், அது கிடைத்ததும் இன்னும் கொஞ்சம். பணம் கிடையாது. 1930-களின் பொருளாதார மந்தம் அவரையும் பண்ணைக்கே திருப்பி அனுப்பியது. அதன்பின் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் பிழைப்பு ஓடியது. பகலில் கடை வேலை, ராத்திரியில் சொந்த வேலை. கடையில் கிடைக்கும் உதிரி பாகம் தாங்காது என்றால் தானே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தைக் காய்ச்சி ஊற்றினார். பிஸ்டன், சிலிண்டர், ஃப்ளைவீல் எல்லாம் அவர் கையாலேயே ஆயின. பிஸ்டனை கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடை ஒரு பழைய கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சிலிருந்து அறுத்து இழைத்துச் செய்தார். நுட்பமாக அளக்க மைக்ரோமீட்டர் வேண்டுமே? சக்கரத்தின் ஸ்போக் கம்பி ஒன்றை அளவுகோலாக்கிக்கொண்டார்.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வேகம் இரட்டிப்பானால் காற்று எதிர்த்துத் தள்ளுவது நான்கு மடங்காகும். அதை வெல்ல இன்ஜின் எட்டு மடங்கு சக்தி தர வேண்டும். வேகம் மூன்று மடங்கு என்றால் 27 மடங்கு சக்தி. 600 சிசி இன்ஜினிலிருந்து அத்தனையும் கறக்க முடியாது. அதனால் அவர் இரண்டு பக்கமும் வேலை செய்தார். சிலிண்டரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இன்ஜினை முதலில் 850, பிறகு 950 சிசிக்குக் கொண்டுபோனார். இன்னொரு பக்கம், காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி வண்டியை முழுக்க மூடும் ஒரு கூட்டைச் செய்தார். சிகார் சுருட்டு மாதிரி இருக்கும் அந்தக் கூட்டுக்குள் ஆள் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

உடைந்தவை எத்தனையோ. வெடித்த பிஸ்டன், முறிந்த ராட், உருகிப்போன உலோகக் கட்டி எதையும் அவர் தூக்கிப் போடவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகம் என்னும் தெய்வத்துக்கு இவையெல்லாம் படையல் என்கிற பொருளில் அதன்மேல் எழுதியும் வைத்தார். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்கிறோமே, ஏறக்குறைய அந்த மனநிலைதான். என்ன, இவர் வீட்டில் வருஷம் முழுக்க ஆயுத பூஜை.

அந்தப் படையலில் வண்டிப் பாகங்கள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1927-ல் கல்யாணம் ஆனது, நான்கு பிள்ளைகள். 1947-ல் விவாகரத்து. கிட்டத்தட்ட அதே காலத்தில் வேலையையும் விட்டார். ஒரு வண்டிக் கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு குடியேறினார். அதற்குப் பிறகு முழு நேரமும் இரண்டு வண்டிகள்தான், இந்த ஸ்கவுட்டும் வெலோசெட் என்ற இன்னொன்றும். இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. நான்கு பிள்ளைகளின் அப்பா கொட்டகையில் தனியாகக் கிடந்தார் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் வண்டியை எடுக்கும் நம் நண்பர்களை வீட்டார் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடையில் கமிட்டிக்கும் ஒரு விண்ணப்பம். ஓட்டாமல் கிடக்கும் பழைய வண்டிகளை எடுத்துவிட வேண்டும் என்ற சுற்றறிக்கை நியாயமானது. டயரில் காற்றில்லாமல், எலி கூடு கட்டி, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவை போகத்தான் வேண்டும். ஆனால் நம் பார்க்கிங்கில் துணி போர்த்தி நிற்கும் மூன்று வண்டிகளை வாரம் தவறாமல் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார்கள். பட்டியல் தயாரிக்கிறவர்கள் தூசியைப் பார்க்காமல் ஆயிலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மன்றோவிடம் திரும்புவோம். ஊருக்குப் பக்கத்தில் ஒரேட்டி என்று நீளமான கடற்கரை உண்டு. வண்டியைச் சோதிப்பதெல்லாம் அந்த மணலில்தான். ஆனால் வேகத்தில் உலகச் சாதனை என்றால் அந்தக் காலத்தில் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளி. எப்போதோ வற்றிப்போன ஏரியின் அடித்தரை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்பு, மேடு பள்ளமே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 4,200 அடி உயரம் என்பதால் காற்று மெலிது. கடற்கரையில் நன்றாக ஓடும் இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும், மறுபடி டியூன் செய்தாக வேண்டும். முதல் தடவை அவர் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனார். அதன்பின் ஒன்பது தடவை ஓட்டப் போனார். ஒவ்வொரு தடவையும் பசிபிக் கடலைத் தாண்டி, அதுவும் தன் கைக்காசில். இதற்குள் அவருக்கு நெஞ்சுவலி நோயும் வந்திருந்தது.

சாதனை என்று எழுதிக்கொள்ள அங்கே ஒரு விதி உண்டு. ஒரு திசையில் பறந்து காட்டினால் மட்டும் போதாது, முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளியிருக்கலாம் அல்லவா? திரும்பி எதிர்த் திசையிலும் ஓட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் பதிவேட்டில் ஏறும். 1962-ல், 63 வயதில், 850 சிசி இன்ஜினுடன், 883 சிசி வரையிலான பிரிவில் மணிக்கு 178.971 மைல். கிலோமீட்டரில் 288. வண்டிக்கு அப்போது 42 வயது. 1966-ல் இன்னொரு பிரிவில் 168.066 மைல். 1967-ல் 68 வயது. 950 சிசியுடன், 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் 183.586 மைல். தகுதி பெறுவதற்காக ஒரு திசையில் மட்டும் ஓட்டிய ஓட்டத்தில் 190 மைலையே தொட்டார். கிலோமீட்டரில் 300-க்கும் மேல். டப்பாவில் வார்த்த பிஸ்டன், 1920-ல் செய்த சேசிஸ்!

அதே 1967-ல்தான் ஓர் ஓட்டத்தில் பாதித் தூரம் தாண்டியதும் வண்டி இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைப்பதற்காகப் படுத்திருந்தவர் நிமிர்ந்தார். எதிர்க்காற்று அறைந்த அறையில் கண்ணில் மாட்டியிருந்த காகிள்ஸ் பறந்தது. கண் திறக்க முடியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. பாதையைக் காட்டும் கறுப்புக் கோட்டை விட்டு வெகுதூரம் விலகி, எல்லைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்றை அங்குலக் கணக்கில் தவறவிட்டு, கடைசியில் வண்டியை வேண்டுமென்றே சாய்த்து உப்பில் சறுக்கவிட்டு நிறுத்தினார். உடம்பெல்லாம் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வண்டு கண்ணில் அடித்தாலும் இதே கதைதான். உப்புவெளியில் எதிரே லாரி வராது, நம் ரோட்டில் வரும்.

வயதான பிறகு இதயம் ஒத்துழைக்கவில்லை. 1977-ல் பக்கவாதம் வந்தது. இனி ஓட்ட முடியாது என்று ஆனபோது இரண்டு வண்டிகளையும் உள்ளூர் இரும்புச் சாமான் வியாபாரி ஒருவருக்கே விற்றார். வண்டிகள் தன் மண்ணை விட்டுப் போகக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம். 1978 ஜனவரி 6-ல் காலமானார், வயது 78. நெஞ்சுவலிக்காரர், இத்தனை விழுந்து எழுந்தவர், கட்டிலில் வயதாகித்தான் போனார். இதை வைத்துப் பிள்ளைகளிடம் வாதாடிவிடாதீர்கள். அவருக்கு அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டிக் கழித்தே சோறு தின்றவன் நான், கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்கு மன்னிக்கவும். மேலே 1967-ல் 183.586 என்று எழுதினேன் அல்லவா? அந்த எண் 47 ஆண்டுகள் அப்படியே பதிவேட்டில் இருந்தது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. மன்றோ இறந்து 36 ஆண்டுகள் ஆன பிறகு அவருடைய மகன் பழைய தாள்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். சராசரி உதைத்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு எழுதினார். அவர்களும் சரிபார்த்தார்கள், 2014-ல் எண்ணைத் திருத்தினார்கள். சரியான வேகம் 184.087 மைல்.

இரண்டு எண்களையும் கழித்துப் பாருங்கள், 0.501 வரும். சராசரியில் அரை என்றால், சராசரிக்கு முந்தைய கூட்டலில் சுளையாக ஒன்று குறைந்திருக்கிறது. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் ராத்திரியில் டிரயல் பேலன்ஸ் சரியாக ஒரு ரூபாய் உதைத்தால் எந்தப் பழைய கிளார்க்கும் என்ன செய்வார்? யாரோ ஓர் இலக்கத்தை ஒன்று குறைத்து எழுதியிருப்பார் அல்லது மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை மறந்திருப்பார் என்று அங்கேதான் முதலில் தேடுவார். உப்புவெளியின் வெயிலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கணக்கருக்கும் அப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கொட்டகைக்குக் குடிபோன அப்பாவுக்காக அந்த அரை மைலை மீட்டுக் கொடுக்கப் பிள்ளைதான் முன்வந்தார் என்பதை நினைக்கும்போது, நான் அந்த ஏழாவது பத்தியை எழுதிய வேகம் கொஞ்சம் குறைகிறது.

ஸ்கவுட் இன்றும் இன்வர்கார்கிலில்தான் இருக்கிறது, ஹேஸ் என்னும் அதே இரும்புச் சாமான் கடைக்குள். ஆணியும் திருகும் வாங்கப் போகிறவர்கள் அதையும் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இவர் கதையை வைத்து 2005-ல் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்தார். இயக்கியவர் ரோஜர் டொனால்ட்சன். மன்றோ உயிரோடு இருந்த காலத்திலேயே அவரை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தவரும் அவரே. படத்தில் பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கியிருக்கிறார்கள், கடைசியில் காட்டும் வேகமும் பதிவேட்டில் உள்ளது அல்ல. மற்றபடி குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். டிவிடி என்னிடம் இருக்கிறது. சி பிளாக், இரண்டாம் மாடி, மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்திட்டு, ஒரு வாரத்தில் திருப்பித் தரவும்.