மலைச் செண்பகத்தைத் தேடிய ஜானகி அம்மாள்

எங்கள் சிங்கவரம் மலைமேல் பாறையைக் குடைந்து எடுத்த அரங்கநாதர் கோயில் இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பாறை இடுக்கில் வளரும் செடிகளின் பெயரை யாரும் கேட்பதில்லை. எனக்கும் ஆவாரை, எருக்கு, சீத்தா என்று நாலைந்துதான் தெரியும். செடிகளைத் தேடி மலைமலையாக அலைந்த ஓர் அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு இதில் வெட்கம் உண்டாயிற்று.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி; இயற்கையில் பெரும் பற்றுக் கொண்டவர். ஜானகி நம்மைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் பயின்றவர்! அவ்வூர்த் திரு இருதயப் பள்ளியில் படித்து, பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். சகோதரிகள் மணமாகிச் சென்றார்கள். இவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார். உதவித்தொகை பெற்று, கப்பலேறி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஆற்றங்கரை நாணலும் கரும்பும் ஒரே குலம். நாணலுக்கு இனிப்பில்லை, ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும். அவற்றின் குரோமோசோம்களை எண்ணி, எதை எதனோடு கலந்தால் நல்ல கரும்பு கிடைக்கும் என்று ஆராய்ந்தவர்களில் இவரும் ஒருவர். விழுப்புரம் பக்கத்துக் கரும்பு வயல்களைக் காணும்போது இப்போது அவர் நினைவு வருகிறது.

போர்க்காலம் முழுவதும் குண்டு விழுந்த இலண்டனில் ஆராய்ச்சி செய்தார். 1945இல் டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மாக்னோலியா மரம் நம் செண்பகத்துக்கு உறவு. அதில் ஒரு வெண்மலர் வகை அவர் பெயரையே தாங்கியுள்ளது.

1951இல் பண்டித நேரு அழைக்கவே, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு ஒரு மரத்தைத் தேடிச் சென்றார். அதுவும் மாக்னோலியாதான்; அந்தப் பகுதியில் எஞ்சியிருந்தது அந்த ஒன்றே. போய்ச் சேர்ந்தபோது அது எரிக்கப்பட்டிருந்தது. இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

காடு அழிந்தால் அதை நம்பி வாழும் மலைவாழ் மக்களின் மூலிகை அறிவும் அழியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வயநாட்டு மலைமக்கள் பயன்படுத்தும் செடிகளை அவர்களிடமே கேட்டறிந்தார். 1955இல் அமெரிக்காவில் நடந்த உலக மாநாட்டில் கட்டுரை அளித்த ஒரே பெண்மணி அவரே.

பின்னர் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்டத் திட்டமிட்டார்கள். சிங்கவால் குரங்குகள் வாழும் பழம்பெரும் காடு அது. ஏறத்தாழ எண்பது வயதில் ஜானகி அம்மாள் அணையை எதிர்த்ததோடு, அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியிலும் இறங்கினார். காடு மூழ்கினாலும் அதன் விவரமாவது மிஞ்சட்டும் என்று எண்ணினாரோ என்னவோ!

1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அணைத் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. சென்னையை அடுத்த மதுரவாயலில் இறுதிவரை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அம்மையார் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி காலமானார். அவ்வாண்டு நவம்பரில்தான் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.