காற்றை ஊருக்குப் பணிய வைத்த ஆசிரியர்

பட்டணத்தில் மின்விளக்கு ஒளிர்ந்தது. நாட்டுப்புறத்தில் இருள் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க் நாட்டின் நிலை இது. விஞ்ஞானம் என்ன, பட்டணத்தாருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் போல் லா கூர். மின்சாரக் கொள்கை பற்றி எல்லோரும் பேசும் இந்நாளில் அவர் வரலாற்றை நாம் நினைவுகூர்வது முறை.

1846-ல் பிறந்த லா கூர், 1872-ல் தோன்றிய டென்மார்க் வானிலை நிலையத்தில் துணை இயக்குநராக இருந்தார். தந்தித் துறையிலும் புதுமைகள் கண்டார். பெயரும் பொருளும் தேடித்தரும் பாதை அது. அவரோ 1878-ல் அஸ்கோவ் என்னும் சிற்றூருக்குச் சென்று, உழவர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியரானார்.

அங்கே 1891-ல், அரசு தந்த நிதியைக் கொண்டு காற்றாலை ஒன்றை எழுப்பினார். மாவரைக்க அல்ல, மின்சாரம் எடுக்க! காற்று நம் கட்டளைக்கு வீசுவதில்லை. ஓய்ந்த வேளையில் என்ன செய்வது? இன்றும் ஏளனக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. அவர் அன்றே விடை தேடினார். மின்சாரத்தால் நீரைப் பிரித்தார்; கிடைத்த ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்தார். 1895 முதல் 1902 வரை அந்த வாயுவே பள்ளிக்கு விளக்காயிற்று. இடையிடையே வெடித்துச் சன்னல்கள் சிதறியதும் உண்டு. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. பின்னர் மின்கலங்களை வைத்து ஊருக்கே மின்சாரம் வழங்கினார். பல இறக்கைகளைவிட, விரைந்து சுழலும் சில இறக்கைகளே மேல் என்பதையும் சோதனையால் நிறுவினார்.

இவற்றினும் பெரிதென நாம் கருதுவது வேறொன்று. 1903-ல் காற்று மின்சாரச் சங்கம் அமைத்தார். 1904-ல் கிராமத்து இளைஞர்களை மின் தொழிலாளராக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். கருவியைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. அதை இயக்கும் கைகளையும் உருவாக்கினார். 1908-ல் அவர் மறைந்தார். 1918-க்குள் சுமார் 120 ஊர் மின்நிலையங்களில் காற்றாலைகள் சுழன்றன. அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல், 1957-ல் கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார்.

ஆனால் மலிவான எண்ணெய் வந்தது, மதி மயங்கியது. 1967-ல் அந்த ஆலையும் நிறுத்தப்பட்டது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி தாக்கியபோது, டென்மார்க்கின் எரிசக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அடிபட்ட பிறகே பழைய ஆசிரியரின் பாடம் நினைவுக்கு வந்தது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று தருகிறது.

இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? இறக்கையை நட்டுவிட்டால் மட்டும் மாற்றம் வந்துவிடாது. ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் வேண்டும்; சேமிப்புக்கு வழி வேண்டும்; உள்ளூர் இளைஞர்க்குப் பயிற்சி வேண்டும்; ஊருக்கும் அதில் பங்கு வேண்டும். எண்ணெய் விலை இறங்கியதும் இவற்றைக் கைவிடாத உறுதியும் வேண்டும். காற்றுக்கு உரிமையாளர் எவருமில்லை. அதன் பயனையும் ஒரு சிலர் கையில் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே நம் கருத்து.