குடியை வென்ற கூலியாள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், நகரை அடைவதற்குச் சற்று முன்னர் வேங்கிக்கால் என்னும் ஊர் உள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பது இவ்வூரிலேதான். இங்கு நிற்போர் கண்ணுக்கு அண்ணாமலை நன்கு தோன்றும். அம்மலையின் அடிவாரத்துக் கோயிலில் வல்லாள மகாராசன் கோபுரம் என்று ஒன்று உண்டு. அதனைப் பற்றிய செவிவழிச் செய்தியை இப்பகுதி மாணவர் பலரும் அறிந்திருப்பர். இளமையைத் தீய ஒழுக்கத்திற் கழித்துப் பொருளும் உடல்நலமும் இழந்த அருணகிரிநாதர், வாழ்வை வெறுத்து அக்கோபுரத்தினின்றும் வீழ்ந்தார் என்றும், முருகப்பெருமான் அவரைத் தாங்கி ஆட்கொண்டான் என்றும், அதன் பின்னரே திருப்புகழ் பிறந்தது என்றும் பெரியோர் கூறுவர்.

வீழ்ந்தவர் எழுந்த வரலாறுகள் பிற நாடுகளிலும் பிற சமயங்களிலும் உண்டு. அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில், கத்தோலிக்கக் கிறித்தவராகிய ஒரு கூலியாள் மதுவின் பிடியினின்றும் விடுபட்ட வரலாறு அவற்றுள் ஒன்று. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், பாடலோ நூலோ எழுதியவரும் அல்லர். பிறர் அறியாவண்ணம் வாழ்ந்து மறைந்த அவர் பெயர் மத்தேயு டால்பட் என்பது.

மத்தேயு 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் பிறந்தார். அயர்லாந்தை வாட்டிய பெரும்பஞ்சம் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெற்றோர்க்குப் பிறந்த பன்னிரண்டு மக்களுள் அவர் இரண்டாமவர். தந்தை சார்லசு துறைமுகத்தில் வேலை பார்த்தார், உழைப்பாளி, ஆனால் குடிப்பழக்கம் உடையவர். தாய் எலிசபெத்து, வந்த சிறு வருவாயில் அத்தனை வாய்களுக்கும் உணவளிக்க வேண்டியிருந்தது. குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து வாழ இயலாமல் பலமுறை வீடு மாறியது.

மத்தேயு பள்ளிக்குச் சென்ற நாட்கள் மிகச் சில. ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், மதுவைப் புட்டிகளில் அடைத்து விற்கும் ஒரு வணிகரிடம் ஏவற்சிறுவனாகச் சேர்ந்தார். வறுமை அவரை அவ்விடத்திற்கு அனுப்பியது. அவ்விடம் அவரைக் குடிக்கு ஆளாக்கியது. அங்கு அவர் மதுவைச் சுவைக்கக் கற்றுக்கொண்டார். ஓராண்டிற்குள் அச்சிறுவர் குடிமயக்கத்துடன் வீடு திரும்பலானார். தந்தை அடித்துத் திருத்த முயன்றார். பின்னர், தம் கண்பார்வையில் இருக்கட்டும் என்று கருதித் தாம் வேலை செய்த துறைமுகத்திலேயே மகனையும் சேர்த்தார். அங்கிருந்த பண்டகசாலையில் விஸ்கி நிறைந்த பீப்பாய்கள் இருந்தன. தந்தையின் எண்ணம் எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். சில ஆண்டுகளில் மத்தேயு அவ்வேலையை விட்டுக் கொத்தர்களுக்குச் சிற்றாளாகச் செங்கலும் சாந்தும் சுமக்கும் தொழிலை மேற்கொண்டார்.

சோம்பேறி என்று எவரும் அவரைச் சொன்னதில்லை. மற்றவரினும் விரைந்து உழைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆனால் சனிக்கிழமை கையில் விழுந்த கூலி மதுக்கடைக்கே சென்றது. தம்மிடம் பணம் இருந்தபோது நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். இல்லாதபோது கடன் சொல்லிக் குடித்தார். காலணிகளையும் அடகு வைத்தார். ஒருமுறை அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைக் கவர்ந்து சென்று, விற்றுக் குடித்தனர். அக்கருவியே அவ்வேழையின் பிழைப்புக்கு வழி. அன்று அதனை எண்ணிப் பார்க்கும் நிலையில் மத்தேயு இல்லை. பின்னாளிலோ அவர் வாழ்வில் அச்செயலைப் போல் உறுத்தியது வேறொன்றும் இல்லை.

இவ்வாறு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1884ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்தெட்டு. ஒரு வாரமாக வேலைக்குச் செல்லாததால் கையில் ஒரு காசும் இல்லை. சனிக்கிழமை நண்பகல். கூலி வாங்கிக்கொண்டு தோழர்கள் வரும் நேரம் பார்த்து, தம்பியுடன் மதுக்கடைத் தெருமுனையில் அவர் நின்றார். இவர்களுக்குத்தானே இத்தனை நாளும் வாங்கிக் கொடுத்தோம், யாரேனும் ஒருவர் உள்ளே அழைக்கமாட்டாரா என்று எதிர்பார்த்தார். ஒவ்வொருவராக வந்தனர்; நலம் வினவினர்; கடைக்குள் சென்றனர். அழைத்தவர் ஒருவரும் இலர்.

மத்தேயு நெடுநேரம் அங்கு நிற்கவில்லை. நேரே வீட்டிற்கு நடந்தார். சனிக்கிழமை நண்பகலில், தெளிந்த நிலையில் மகன் வந்து நிற்பதைக் கண்ட தாய் வியந்தார். உணவு முடிந்ததும், மதுவை விடுவதாக உறுதிமொழி எடுக்கப் போவதாக அவர் தாயிடம் கூறினார். காக்கும் எண்ணம் இருந்தாலன்றி அவ்வுறுதிமொழியை எடுக்க வேண்டா என்று தாய் அறிவுறுத்தினார். அதனைக் காக்கும் வலிமையை இறைவன் அருள வேண்டும் என்றும் வாழ்த்தினார்.

உறுதிமொழி என்று இங்குக் கூறியது யாது என மாணவர்கள் வினவலாம். நம் நாட்டில் குடியை ஒழிக்கச் சட்டம் துணைக்கு வந்ததுண்டு. 1937ஆம் ஆண்டு இராசாசியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. 1939ஆம் ஆண்டு அது வட ஆர்க்காடு மாவட்டத்திற்கும் வந்தது. திருவண்ணாமலை அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மதுவிலக்கு 1971ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தளர்த்தப்பட்டது. அயர்லாந்தில் இத்தகைய சட்டம் இல்லை. அதற்கு மாறாக, 1838ஆம் ஆண்டில் கார்க்கு நகரத்துக் கப்புச்சின் சபைத் துறவி தியோபால்டு மாத்யூ என்பவர் ஓர் இயக்கம் தொடங்கினார். மதுவைத் தொடேன் என்று இறைவன் திருமுன் உறுதி கூறி, அதனைத் தாமே காப்பது அவ்வியக்கத்தின் நெறி. இலட்சக்கணக்கானோர் அவ்வாறு உறுதி கூறினர், பலர் காத்தனர், பலர் வழுவினர். கடைகள் அனைத்தும் திறந்தே இருந்தன. மத்தேயு காக்க வேண்டியிருந்த உறுதிமொழி அத்தகையது.

அன்றே அவர் குருத்துவக் கல்லூரி ஒன்றிற்குச் சென்று, பாவசங்கீர்த்தனம் செய்து, உறுதிமொழியை ஏற்றார். வாழ்நாள் முழுதும் என்று அவர் உறுதி கூறவில்லை. மூன்று திங்கள் மட்டுமே என்று கூறினார். அம்மூன்று திங்களும் அவருக்குப் பெருந்துன்பமாயின. காலம் முடிந்ததும் மீண்டும் குடிக்கப் போவதாகத் தாயிடம் அவர் சொன்னதும் உண்டு. ஆயினும் முடிந்தபோது ஆறு திங்களுக்குப் புதுப்பித்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுமைக்கும் ஏற்றார். ஒரே பாய்ச்சலில் மலையேறியவர் அல்லர் அவர் என்பதை நாம் குறிக்கொள்ள வேண்டும்.

பகல் வேலையிற் கழியும். மாலைப்பொழுதை என் செய்வது? முன்பு அவர் கால்கள் தாமே கடைக்குச் செல்லும். இப்போது அவர் தொலைவிலுள்ள கோயில்களைத் தேடி நடந்தார். கதவு அடைக்கும் வரையில் அங்கேயே முழந்தாளிட்டிருந்தார். ஒருநாள் மாலை ஆசை மிகவே, சட்டைப்பையில் பணத்துடன் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்துவிட்டார். கடையில் கூட்டம் மிகுதி. பணியாளன் இவரைக் கவனிக்கவில்லை. காத்து நின்ற அச்சிறு பொழுதில் அவர் மனம் மாறியது. கடையைவிட்டு வெளியேறி ஒரு கோயிலுக்குள் சென்று அமர்ந்தார். அன்று முதல் தெருவில் நடக்கும்போது பணம் எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தார். தம் மனவலிமையை நம்பி வீண்பெருமை கொள்ளாமல், பையைக் காலியாக வைத்துக்கொண்ட இச்செயல் மிக்க அறிவுடையது என்றே கருதுகின்றேன்.

அடுத்து அவர் கடன்களைத் தீர்க்கத் தொடங்கினார். கடன் சொல்லிக் குடித்த கடைகளுக்கெல்லாம் சேர வேண்டிய தொகையைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு கடன் மட்டும் தீரவில்லை. பிடில் வாசித்த அவ்வேழையை டப்ளின் நகரத்துத் தெருக்களில் ஆண்டுக்கணக்கில் தேடினார். கண்டு விலையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அம்மனிதர் அகப்படவே இல்லை. இறுதியில் அப்பணத்தை அவருடைய ஆன்ம நலத்திற்காகப் பூசை செய்விக்கக் கொடுத்தார்.

விடியற்காலை ஐந்து மணிப் பூசைக்குச் செல்வது அவர் வழக்கமாயிற்று. பூசை கண்ட பின்னரே வேலைக்குச் செல்வார். புகையிலையையும் விட்டார். இழிசொல் நாவில் வரும்போது தம்மைத் தடுத்துக்கொள்ளச் சட்டைக்கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவைபோற் குத்தி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அரிதாக இருந்தவர், முயன்று கற்றுப் புனித அகுஸ்தீனின் வரலாறு போன்ற அரிய நூல்களையும் படித்தார். விளங்காதவற்றைக் குருமாரிடம் கேட்டறிந்தார். இல்லறத்தார்க்கும் தனித்து வாழ்வோர்க்கும் உரிய பிரான்சிசுக்கு மூன்றாம் சபையிலும் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1892ஆம் ஆண்டளவில் ஆற்றுத்துறையை அடுத்த மரவாடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் வந்திறங்கும் மரங்களைச் சுமந்து அடுக்கும் கடுந்தொழில் அது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மரக்குவியல்களுக்கு இடையே ஒதுங்கிச் செபம் செய்வார். இருந்தும் அவர் முகம் சுளித்துத் திரிந்தவர் அல்லர். உடன் உழைத்தோர் அவருடைய நகைச்சுவையையும் அறிவர். சில வேளைகளில் முன்கோபத்தையும் அறிவர்.

வீட்டில் அவர் மேற்கொண்ட தவத்தையோ எவரும் அறியார். பலகையே படுக்கை, மரக்கட்டையே தலையணை. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து செபம் செய்வார். பல நாட்கள் உலர்ந்த ரொட்டியும் சர்க்கரையிடாத கோக்கோவும் தேநீரும் கலந்த நீருமே உணவு. இறைவனுக்கு அடிமை என்பதன் அடையாளமாக உடையின் உள்ளே சங்கிலி அணிந்தார். தம்மை வழிநடத்திய குருவின் அறிவுரைப்படியே அவர் இதனைச் செய்தார். இவற்றைப் படிக்கும் மாணவர் அஞ்சவும் வேண்டா. இவற்றைத் தாமும் செய்து பார்க்க எண்ணவும் வேண்டா. குடிக்காகப் பசி பொறுத்த உடலை, குடியினின்றும் காப்பதற்கு அம்மனிதர் கண்டுகொண்ட வழி அது.

இவ்வாறு மிச்சமான பொருள் எங்கே சென்றது? பிள்ளைகள் நிறைந்த உடன்தொழிலாளர் வீடுகளுக்கும், அயல்நாட்டுச் சமயப் பணிக்கும், ஏழைகளுக்கும் சென்றது. 1913ஆம் ஆண்டு டப்ளினில் பெரும் கதவடைப்பு நேர்ந்தது. தொழிற்சங்கத்தை விட்டு விலக மறுத்த ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலை இழந்து மாதக்கணக்கில் துன்புற்றனர். மத்தேயுவும் சங்க உறுப்பினரே. மறியலில் நில்லாத தமக்குச் சங்கம் அளித்த உதவித்தொகை உரியதன்று என்று அவர் கருதினார். மனைவி மக்கள் உடையோர்க்கு அதனைப் பகிர்ந்தளிக்கச் செய்தார்.

தந்தை 1899ஆம் ஆண்டு இறந்த பின் தாயும் மகனும் ஒன்றாக வாழ்ந்தனர். ஒரு காலத்தில் வெறுங்கையுடன் தள்ளாடி வந்த மகன், தாயை இறுதிவரை காத்தார். 1915ஆம் ஆண்டு தாய் மறைந்ததும் சிறு அறை ஒன்றில் தனியே வாழ்ந்தார். 1923ஆம் ஆண்டு இதயநோயும் சிறுநீரக நோயும் அவரை மருத்துவமனையிற் கிடத்தின. வேலை செய்ய இயலாமல் வறுமையுற்றார். உடல் சற்றுத் தேறியதும் 1925ஆம் ஆண்டு மரவாடிக்கே திரும்பினார்.

அவ்வாண்டு சூன் 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பூசை கண்டபின், மற்றொரு பூசைக்காக வேறொரு கோயிலை நோக்கிக் கிரான்பி சந்து என்னும் குறுகிய தெரு வழியே சென்றுகொண்டிருந்தபோது சாய்ந்து விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது அறுபத்தொன்பது. சுற்றி நின்றவர்கள் அவரை அடையாளம் அறியவில்லை. மருத்துவமனையில் உடையைக் களைந்தபோதுதான் சங்கிலி வெளிப்பட்டது. உடலில் சங்கிலியுடன் இறந்துகிடந்த இக்கிழவர் யார் என்று வினவத் தொடங்கினர். அவ்வினாவிலிருந்தே அவர் வரலாறு உலகிற்குத் தெரிய வந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறு நூல் வெளிவந்தது. குடியால் நலிந்த குடும்பங்கள் பல நாடுகளில் அதனைப் படித்தன.

மரவாடித் தோழர்களும், உறவினரும், அவரிடம் உதவி பெற்றோரும் தத்தமக்குத் தெரிந்ததைச் சொல்ல, 1931ஆம் ஆண்டு திருச்சபை முறையாக விசாரணை தொடங்கியது. 1975ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்திற்கு முன்னுள்ள படிகளில் இஃது ஒன்று. அவர் உடல் 1972ஆம் ஆண்டு கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுக்கப்பெற்று, அவர் வாழ்ந்த ஏழையர் பகுதியிலுள்ள லூர்து அன்னை கோயிலில் வைக்கப்பெற்றது. குடியை விட விரும்புவோரும், அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் அங்குச் சென்று வேண்டுகின்றனர். 1978ஆம் ஆண்டு லிப்பி ஆற்றின்மீது கட்டப்பெற்ற பாலம் ஒன்றிற்கு அவர் பெயர் இடப்பெற்றது. அப்பாலத்தின் அருகில், ஆற்றங்கரையில், அவருடைய சிலை நிற்கின்றது.