கிட்டி வில்கின்ஸன்: சலவையால் உயிர் காத்த மாது
பொதுஜன சேவை என்றதும் மேடைப் பிரசங்கமும் மகாநாட்டுத் தீர்மானமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. நோயாளியின் அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுப்பதும் சேவையாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதுவே ஒரு நகரத்தின் சட்டதிட்டங்களை மாற்றி, ஒரு நாட்டின் பார்லிமெண்டையும் விழிக்கச் செய்தது என்பதற்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஸ்ரீமதி கிட்டி வில்கின்ஸனின் சரித்திரமே சான்று.

இந்த அம்மையார் 1786-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் குடும்பத்தோடு லிவர்பூலுக்குக் கப்பலேறினார். கரையை நெருங்கும் தருணத்தில் கப்பல் மணல்திட்டில் மோதியது. தகப்பனாரும் தங்கையும் கடலுக்கு இரையாயினர். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் லங்காஷயர் பஞ்சாலையில் வேலை செய்தார். பின்னர் வீட்டு வேலை செய்து தாயைக் காப்பாற்றினார். 1812-ல் ஒரு மாலுமியை மணந்தார். அவரையும் கடல் கொண்டுபோயிற்று. துணிகளை உருளைகளுக்கிடையே அழுத்தும் யந்திரம் ஒன்று நன்கொடையாகக் கிடைக்கவே, குழந்தைகளுடன் தனித்து நின்ற அவர் சலவைத் தொழிலையே ஜீவனமாகக் கொண்டார். 1823-ல் டாம் வில்கின்ஸன் என்னும் பஞ்சுக் கிடங்குத் தொழிலாளியை மறுமணம் புரிந்தார். தம்பதிகள் இருவரும் ஏழைகளே. ஆயினும், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டுக் கதவு என்றும் திறந்தே இருந்தது.

வங்காளத்திலிருந்து தேசந்தோறும் பரவிய வாந்திபேதி 1831-ல் பிரிட்டனை அடைந்து, 1832-ல் லிவர்பூலைப் பீடித்தது. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளில் தண்ணீருக்கே பஞ்சம். மாற்றுத் துணியோ, வெந்நீர் காய்ச்சப் பாத்திரமோ இல்லாத வீடுகள் அநேகம். நோயாளி கிடந்த படுக்கையிலேயே மற்றவர்களும் படுத்தார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறவர்களைக் கொன்று அறுத்துப் பார்க்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, அவ்வாண்டு ஜனங்கள் வைத்தியர்களுக்கு விரோதமாகக் கலகமும் செய்தனர்.

வைத்தியரை நம்பாத அந்த ஜனங்கள் தங்கள் தெருவில் வசித்த சலவைக்காரியை நம்பினார்கள். அத்தெருவில் வெந்நீர்க் கொப்பரை இருந்தது கிட்டியின் வீட்டில்தான். நோய் பட்ட துணிகளைக் கொண்டுவந்து வெளுத்துக் கொள்ளலாம் என்று அவர் அயலாரை அழைத்தார். செலவுக்காக வாரத்துக்கு ஒரு பென்னி மட்டுமே வாங்கினார். துணிகளைக் கொதிக்க வைத்ததோடு, நாம் பிளீச்சிங் பவுடர் என்று வழங்கும் சுண்ணாம்புக் குளோரைடையும் உபயோகித்தார். வில்லியம் ராத்போன் முதலிய தருமவான்கள் உதவிக்கு வந்தனர்.

வாந்திபேதிக் கிருமியை இன்னதென்று ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884-ம் வருஷங்களில்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கிருமி என்ற சொல்லையும் கேட்டிராத ஒரு தொழிலாளிப் பெண் அதைக் கொல்லும் இரண்டு ஆயுதங்களையும் கையாண்டாள். பலருடைய துணிகள் ஓரிடத்தில் சேரும்போது அபாயமும் சேருகிறது. வெறும் தண்ணீரில் அலசினால் ஒருவர் வியாதி மற்றவர் வீட்டுக்குப் போகும். தக்க உஷ்ணமும் மருந்தும் இருந்தால் அந்தப் பொதுக் கொப்பரையே எல்லோருக்கும் அரணாகும்.

கிட்டியும் அவருடைய ஆதரவாளர்களும் இதை ஒரு வீட்டின் தருமமாக விட்டுவிடவில்லை. நகரத்தின் கடமையாக்கும்படி கிளர்ச்சி செய்தார்கள். 1842-ல் பிரெடரிக் தெருவில் நகரசபையார் பொதுக் குளியலறைகளும் சலவைக்கூடமும் சேர்ந்த கட்டடத்தைத் திறந்தனர். 1846-ல் வில்கின்ஸன் தம்பதிகளே அதன் மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே, ஊர்தோறும் இத்தகைய கூடங்களை அமைக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரமளிக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. 1860-ல் கிட்டி காலமானார். 2012-ல் லிவர்பூல் செயிண்ட் ஜார்ஜ் மண்டபத்தில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. ஆடவர் சிலைகளே நிறைந்திருந்த அம்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் சிலை அதுவே.

கொப்பரை போய் மின்சார யந்திரம் வந்துவிட்டது. இனிக் கவலை எதற்கு என்று எண்ணுவது பிசகு. ஜெர்மனியில் ஒரு வைத்தியசாலையில் 2012, 2013-ம் வருஷங்களில், மருந்துகளுக்கு எளிதில் மசியாத ஒரு கிருமி பச்சிளங் குழந்தைகளின் உடலில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அவர்களுக்கு அணிவிக்கும் குல்லாய்களையும் காலுறைகளையும் வெளுத்த, வீட்டு உபயோகத்துக்கான ஒரு யந்திரமே காரணம் என்று கடைசியில் தெரியவந்தது. அதன் சோப்புத்தூள் அறையிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் கிருமி குடியிருந்தது. யந்திரத்தை அகற்றியதும் பரவுதல் நின்றது. குழந்தைகளுக்கு நோய் காணாதது பாக்கியமே.

வைத்தியசாலைத் துணிகள் 65 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 10 நிமிஷத்துக்காவது, அல்லது 71 டிகிரியில் 3 நிமிஷத்துக்காவது இருக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் சுகாதார இலாகாவின் விதி. உஷ்ணத்தை அளந்து பார்ப்பதும், அழுக்குத் துணியையும் வெளுத்த துணியையும் வெவ்வேறாக வைப்பதும், யந்திரத்தின் உட்புறத்தையே சுத்தம் செய்து உலர்த்துவதும் அற்பமான காரியங்களாகத் தோன்றலாம். தொட்டிலில் கிடக்கும் சிசுவின் உயிர் இவற்றைத்தான் நம்பியிருக்கிறது.

ஆஸ்பத்திரிகளைப் பார்வையிடச் செல்லும் பிரமுகர்கள் புதுக் கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துத் திரும்புவதோடு நிற்கலாகாது. பின்கட்டிலுள்ள சலவை அறைக்கும் செல்லவேண்டும். அங்கே உஷ்ணம் எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று கேட்கவேண்டும். அங்கே உழைப்பவர்களுக்குக் கையுறையும் தக்க ஊதியமும் உண்டா என்றும் விசாரிக்கவேண்டும். கிட்டி வில்கின்ஸனுக்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே.