லாஸ்பேட்டை பக்கத்துத் தோப்பும் நவீனத் தமிழும்: பாரதி செய்தது என்ன?

1908. ‘இந்தியா’ பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு. ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போக, பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்துவிட்டார். இங்கிருந்தும் ‘இந்தியா’ வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு அதைத் தன் எல்லைக்குள் விடவில்லை. 1910-ல் பத்திரிகை நின்றது, வருமானமும் போச்சு.

கையில் மிஞ்சியது எழுத்துதான். அவர் அடிக்கடி போன குயில் தோப்பு லாஸ்பேட்டையை ஒட்டியே இருக்கிறது. ‘குயில் பாட்டு’க்குக் களம் அதுதான். 1912-ல் வெளியான ‘பாஞ்சாலி சபத’த்தில் எளிய சொல், எளிய நடை, மக்கள் விரும்பும் மெட்டு என்பதைக் கொள்கையாகவே வைத்தார்.

சீனாவில் லூ சுன் பேச்சுமொழியில் தன் முதல் சிறுகதையை வெளியிட்டது 1918-ல். அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி, கடலூர் அருகே கைதானார். 1921-ல், 38 வயதில் மறைந்தார். அவரைப் படிக்க இன்றும் பெரும்பாலும் அகராதி தேவைப்படாது.