அண்ணலும் அவர்தம் பேராசிரியரும்

கல்வி என்பது ஏடுகளால் மட்டும் வருவதன்று. தக்க ஆசிரியரை நாடி, அணுகி, ஐயம் கேட்டுப் பெறுவதுமாகும். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் மாணவப் பருவம் இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

1891 ஏப்ரல் 14-ல் மாவ் நகரில் பிறந்த அவர், சதாராப் பள்ளியில் தாம் கொண்டுசென்ற சாக்கின்மீது தனித்து அமர்ந்தே கற்றார். தண்ணீர்ப் பானையைத் தொடும் உரிமையும் அவருக்கு இல்லை. வடமொழி கற்க விழைந்தபோது அவ்வாயிலும் அடைக்கப்பட்டமையால் பாரசீகம் பயின்றார். கல்விக்கூடத்தில் இருந்தும் ஆசிரியரின் அண்மை கிட்டாத நிலை அது. அவ்விருளில் ஒளியாக வாய்த்தவர் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர். அவர் நூல்கள் கொடுத்து ஊக்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவிடம் எடுத்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழிசெய்தார். 1912-ல் அண்ணல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913-ல் அம்மன்னரின் உதவியால் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பொருளியல் பேராசிரியராக விளங்கியவர் எட்வின் செலிக்மன். வரியியலில் உலகப் புகழ் வாய்ந்தவர். அவர் தம் மாணவரிடம் சாதியைப் பார்க்கவில்லை, உழைப்பையே பார்த்தார். மாணவரும் அந்நம்பிக்கைக்கு ஈடு கொடுத்தார். நூலகத்தையே இல்லமாகக் கொண்டு பயின்று, 1915-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்புகளும் அவர் சிந்தனையை உரம்பெறச் செய்தன. 1916 மே மாதம் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தார்.

அவ்வாண்டே அவர் லண்டன் சென்றபொழுது, செலிக்மன் அங்கிருந்த பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு அறிமுகக் கடிதம் எழுதினார். வகுப்போடு முடிந்துபோகும் உறவாக அவர் அதனைக் கருதவில்லை.

1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்து தாயகம் திரும்புகையில், அண்ணலின் உடைமைகளை ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியது. ஆய்வேட்டின் கையெழுத்துப் படியும் கடலுள் மறைந்தது. எத்தகைய இழப்பு! அவர் மனம் தளர்ந்தாரில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். 1922-ல் அங்கிருந்து செலிக்மனுக்குக் கடிதம் எழுதி, ஏடு தொலைந்ததையும், புதியதோர் ஆய்வேடு எழுதியிருப்பதையும் தெரிவித்தார். ஆண்டுகள் பல கடந்தும் மாணவர் ஆசிரியரை மறக்கவில்லை. ஆசிரியரும் மாணவரைக் கைவிடவில்லை. 1925-ல் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய அண்ணலின் நூல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் செலிக்மனே. 1927-ல் கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

1952 ஜூன் 5-ல் அதே பல்கலைக்கழகம், அரசியல் சட்டம் வகுத்த தன் பழைய மாணவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் சூட்டியது. அதனைக் கண்டு மகிழச் செலிக்மன் இல்லை. அவர் 1939-லேயே மறைந்துவிட்டார். டூயியும் அவ்விழாவிற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே காலமானார். ஆயினும் அவர்கள் ஊன்றிய வித்து மரமாகி நின்றது.

இளைஞர்களே! கல்லூரி வாயிலில் கால் வைக்கும் நம் பிள்ளைகள் பலர், பேராசிரியரை அணுகக் கூசிப் பின்வரிசையில் ஒடுங்கிவிடுகின்றனர். அக்கூச்சம் நம் குற்றமன்று. தலைமுறைகளாக நம்மீது சுமத்தப்பட்டது. எனினும் அதனை இறக்கி வைக்க வேண்டியவர் நாமே. ஐயம் கேளுங்கள், செய்த பணியைக் காட்டுங்கள், ஊர் திரும்பிய பின்னும் கடிதம் எழுதுங்கள். நல்லாசிரியர் ஒருவரின் நட்பு, கடலில் மூழ்காத செல்வமாகும்.